சொந்த ரத்தம் சேராத கதை: தட்டணு ஏற்றியும் கவுண்ட் ஏறாத ஒரு நோயாளி

பின்னணி

தமிழ்நாட்டில் ஒரு பெரிய மருத்துவமனையின் ரத்த வங்கியில் நாங்கள் கையாண்ட நிகழ்வு இது. ஆள் அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நோயாளி 46 வயதுப் பெண். சிறு ஊரில் தையல் கடை வைத்திருப்பவர். மூன்று வாரமாக அசதி, பல் தேய்த்தால் ஈறில் ரத்தம், கணுக்காலைச் சுற்றிக் குங்குமம் தெளித்த மாதிரி சிவப்புப் புள்ளிகள். உள்ளூரில் இரண்டு யூனிட் சிவப்பணு ஏற்றி எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்த்ததில் அக்யூட் மைலாய்டு லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோய். வந்த அன்று ஹீமோகுளோபின் 7.4, வெள்ளணு 42,000, தட்டணு 38,000. ரத்தக் கசிவை அடைக்கும் இந்தத் தட்டணு (பிளேட்லெட்) ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும்.

வழக்கமான கீமோதான் தொடங்கினார்கள்: ஏழு நாள் சைட்டராபின், அதில் மூன்று நாள் டானோரூபிசினும் சேர்த்து. இந்த மருந்து நோயணுக்களோடு மஜ்ஜையையும் சேர்த்துத் துடைத்துவிடும். மஜ்ஜை திரும்ப முளைக்க மூன்று நான்கு வாரம் ஆகும். அதுவரை தட்டணு வெளியிலிருந்துதான் வர வேண்டும். ரத்தக் கசிவோ காய்ச்சலோ இல்லாதவருக்கு 10,000-க்குக் கீழே போனால் ஏற்றுவது என்பது எல்லோரும் பின்பற்றும் கணக்கு. 1997-ல் வந்த இத்தாலிய ஆய்வுக்கு முன்பு அது 20,000-ஆக இருந்தது.

தட்டணு இரண்டு விதமாக வரும். சாதாரண ரத்ததானத்திலிருந்து பிரித்தெடுக்கும் சின்னப் பை ஆர்டிபி. ஒரே ஆளை மெஷினில் ஒன்றரை மணி நேரம் படுக்க வைத்து எடுப்பது எஸ்டிபி. ஒரு எஸ்டிபி ஏறக்குறைய ஐந்தாறு ஆர்டிபிக்குச் சமம்.

முதல் 13 நாள்

கீமோ தொடங்கிய 6-ம் நாள் கவுண்ட் 9,000. நான்கு ஆர்டிபி போட்டார்கள். மறுநாள் காலை 10,000. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

8-ம் நாள் கணவர் எஸ்டிபி கொடுத்தார். மறுநாள் 8,000. 10-ம் நாள் இரவு காய்ச்சல் 102 டிகிரி, ஆன்டிபயாடிக் தொடங்கியது. 11-ம் நாள் மூத்த மகன் கொடுத்தார். வயது 22, நல்ல ஆரோக்கியம், அம்மாவுக்கு இருக்கும் அதே பி பாசிட்டிவ். மறுநாள் 7,000. 12-ம் நாள் ஆறு ஆர்டிபி. 13-ம் நாள் மகனின் நண்பர் ஒருவரின் எஸ்டிபி. அன்று மாலையே பூஞ்சைத் தொற்று சந்தேகத்தில் ஆம்போடெரிசினும் ஆரம்பித்தார்கள். 14-ம் நாள் காலை கவுண்ட் 6,000.

கேஸ் ஷீட்டில் ஐந்து நாளாக ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது: காய்ச்சலால் தட்டணு தங்கவில்லை, மேலும் கொடுக்கவும். அது தப்பான யூகம் இல்லை. தட்டணு பலிக்காதவர்களில் பெரும்பாலானோருக்குக் காரணம் காய்ச்சல், கிருமித் தொற்று, வீங்கிய மண்ணீரல், ஆம்போடெரிசின் போன்ற மருந்து, உடம்புக்குள்ளே ரத்தம் உறைந்து தீர்வது இவைதான். ஆனால் யூகத்தை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. எங்கள் ரத்த வங்கியும்தான். ரெக்வெஸ்ட் வந்தது, பை கொடுத்தோம், கையெழுத்து வாங்கினோம்.

12-ம் நாள் போட்ட ஆறு பைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இது எங்களுக்கே பின்னால்தான் தெரிந்தது. இரவு டூட்டிக்குப் புதிதாக வந்த சிஸ்டர், ரத்தம் என்றால் பிரிட்ஜில்தானே வைப்பார்கள் என்று பைகளை மருந்து பிரிட்ஜில் வைத்திருக்கிறார். இரண்டு மணி நேரம். சிவப்பணுவுக்குச் சரி, தட்டணுவுக்கு அது ஆகாது. 20 முதல் 24 டிகிரியில், ஆட்டிக்கொண்டே இருக்கும் தட்டில் வைக்க வேண்டிய பொருள் அது. குளிரில் தட்டணு வடிவம் மாறிவிடும். ஏற்றினால் கல்லீரல் சீக்கிரமே பிடித்து அப்புறப்படுத்திவிடும். நல்ல பையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெல்ல ஆட்டினால் உள்ளே பட்டுத்துணி புரளுவது போல ஒரு மினுமினுப்பு ஓடும். குளிரில் கிடந்த பையில் அது இருக்காது. அந்தச் சிஸ்டரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பையின் லேபிளில் வெப்பநிலை எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் இருந்தது. தட்டணுப் பை வந்ததும் உடனே போட வேண்டும் என்று வார்டில் நாங்கள் ஒருநாளும் வகுப்பெடுத்ததில்லை.

14-ம் நாள் காலை

எங்கள் மூத்த டெக்னீஷியன், எல்லோருக்கும் அக்கா, ரெக்வெஸ்ட் படிவத்தோடு என் அறைக்கு வந்தார்.

"டாக்டர், இந்தப் பேருக்கு இது நாலாவது எஸ்டிபி. போட்டு ஒரு மணி நேரத்துல கவுண்ட் எடுத்திருக்காங்களான்னு கேளுங்க."

எடுக்கவில்லை. எல்லாமே மறுநாள் காலை ஆறு மணி கவுண்ட்தான். அக்கா படிவத்தைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் 'முந்தைய ரத்தமேற்றம், கர்ப்பம்' என்று ஒரு வரி உண்டு. பத்துப் படிவத்தில் பத்திலும் அது வெற்று. நான் வார்டுக்குப் போய் அந்த அம்மாவிடமே கேட்டேன். மூன்று பிரசவம், நடுவில் ஒன்று கலைந்தது.

அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. தட்டணுவின் மேல் ஏ, பி ரத்த வகை அடையாளம் மட்டும் இல்லை, எச்எல்ஏ என்ற இன்னொரு முத்திரையும் உண்டு. ஆளுக்கு ஆள் மாறும். பிள்ளைக்குப் பாதி அம்மாவிடமிருந்து, பாதி அப்பாவிடமிருந்து. கர்ப்பத்திலும் பிரசவத்திலும் பிள்ளையின் ரத்தம் கொஞ்சம் அம்மாவின் உடம்பில் கலக்கிறது. அப்போது சில பெண்களுக்கு அந்த அப்பா வழி முத்திரைக்கு எதிராக ஆன்டிபாடி உண்டாகிவிடும். வருஷங்களில் அது மங்கிப்போகலாம், ஆனால் உடம்பு மறக்காது. மறுபடி அதே முத்திரையைப் பார்த்தால் சில நாளில் படையைத் திரட்டிவிடும்.

கணவர் கொடுத்தார், மகன் கொடுத்தார். இந்த அம்மாவின் உடம்பு உலகத்தில் யாரை முன்பே பார்த்து எதிர்த்திருக்குமோ, அதே ஆட்கள். ரத்த சொந்தம் கொடுத்தால்தான் நல்லது என்று குடும்பமும் நினைத்தது, சொந்தக்காரர்களைக் கூட்டி வாருங்கள் என்று எங்கள் கவுன்டரும் சொன்னது.

இரண்டு பை, இரண்டு கணக்கு

சந்தேகம் வந்தால் போதாது. காய்ச்சலால் தங்காததற்கும் ஆன்டிபாடியால் தங்காததற்கும் வித்தியாசம் காட்ட எளிய வழி ஒன்று உண்டு. பை முடிந்து 10 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஒரு கவுண்ட். காய்ச்சல், தொற்று என்றால் பெரும்பாலும் அந்த நேரத்தில் கவுண்ட் ஏறியிருக்கும், மறுநாளைக்குள் கரைந்துவிடும். ஆன்டிபாடி என்றால் ஏறவே ஏறாது. இது கறாரான விதி இல்லை. கடுமையான தொற்றும் பெரிய மண்ணீரலும் ஒரு மணி நேரத்திலேயே விழுங்கிவிடும். அதனால் அல்ட்ராசவுண்டில் மண்ணீரலைப் பார்த்தோம், 11 சென்டிமீட்டர், சாதாரணம். ரத்தம் உறைவதற்கான பரிசோதனைகளும் சரியாக இருந்தன.

ஏறியது எவ்வளவு என்று வெறும் கவுண்டை வைத்துச் சொல்ல முடியாது. ஆள் பெரியவரா சிறியவரா, பையில் எவ்வளவு இருந்தது என்பதையும் சேர்க்க வேண்டும். கவுண்ட் உயர்வை உடற்பரப்பால் பெருக்கி, பையில் இருந்த தட்டணுவை பத்தாயிரம் கோடிக் கணக்கில் எடுத்து அதால் வகுத்தால் வருவது சிசிஐ. ஒரு மணி நேர சிசிஐ அடுத்தடுத்து இரண்டு முறை 5,000-க்குக் கீழே வந்தால் தட்டணு பலிக்கவில்லை என்று பொருள்.

இதற்குப் பையில் இருப்பதை எண்ண வேண்டும். எஸ்டிபி என்றால் வழக்கமான கணக்கில் 30,000 கோடி, அதாவது 3 பத்தாயிரம் கோடி இருக்க வேண்டும். மெஷின் திரையில் காட்டுவது மதிப்பீடுதான். அதனால் பையின் குழாயிலிருந்து மாதிரி எடுத்து அணு எண்ணும் மெஷினில் ஓட்டினோம்.

இப்படி எண்ணி இரண்டு பை போட்டோம்: இருவரும் குடும்பத்துக்கு வெளியே உள்ள டோனர்கள், இரண்டும் பி வகை, எடுத்து இரண்டு நாள் தாண்டாத பைகள். 14-ம் நாள் பையில் 3.0. போடும் முன் 6,000, ஒரு மணி நேரத்தில் 8,000. உடற்பரப்பு 1.5 சதுர மீட்டர். 2,000 × 1.5 ÷ 3.0 = 1,000. 15-ம் நாள் காய்ச்சல் தணிந்திருந்தது. பையில் 3.2. முன்பு 5,000, பின்பு 9,000. சிசிஐ 1,875.

அன்று மதியமே எச்எல்ஏ ஆன்டிபாடி சோதனைக்கு மாதிரியை வெளியூர் லேபுக்கு அனுப்பினோம். முடிவு வர நான்கு நாள் ஆகும் என்றார்கள்.

கொடுக்காமல் இருப்பது என்ற முடிவு

15-ம் நாள் மாலை வார்டு டாக்டர்களோடு உட்கார்ந்தோம். வாக்குவாதம் கொஞ்சம் சூடாகவே நடந்தது. ஒரு ஜூனியர் டாக்டர் கேட்டார்: ஒன்று ஏறவில்லை என்றால் ஒரே நேரத்தில் இரண்டு போடலாமே? 2010-ல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்று, தடுப்புக்காகத் தட்டணு ஏற்றும்போது அளவைக் கூட்டுவதால் ரத்தக் கசிவு குறைவதில்லை என்று காட்டியது. இங்கே அதைவிடக் கேவலமான நிலை: ஓட்டைப் பானையில் இன்னொரு குடம் ஊற்றுவது. ஒவ்வொரு புதுப் பையும் புது முத்திரைகளை அறிமுகப்படுத்தி ஆன்டிபாடியை இன்னும் விரிவாக்கலாம். அதுவரை 5 எஸ்டிபி, 10 ஆர்டிபி போயிருந்தன. எஸ்டிபிக்கு மட்டும் பை ஒன்றுக்கு 11,000 ரூபாய் வீதம் குடும்பம் கட்டியிருந்தது.

ஆகவே, கவுண்ட் குறைந்தது என்ற ஒரே காரணத்துக்காகப் பொருந்தாத பை போடுவதில்லை என்று முடிவு செய்தோம். ரத்தம் கசிந்தால் மட்டும், கையில் இருப்பதில் நல்லதைப் போடுவது. மற்றபடி சுற்றுவேலைகள்: ஹீமோகுளோபினை 8-க்கு மேலே வைத்திருப்பது, ஏனென்றால் சிவப்பணு போதுமான அளவு ஓடினால்தான் அது தட்டணுவைக் குழாய்ச் சுவர்ப் பக்கம் ஒதுக்கித் தள்ளும்; மாதவிலக்கை நிறுத்த மாத்திரை; ஈறுக்கு டிரானெக்சாமிக் அமிலம் கலந்த வாய் கொப்பளிப்பு; ஊசியும் டியூபும் தேவைக்கு மட்டும்; ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது. ஆம்போடெரிசினையும் தட்டணுவையும் சில மணி நேர இடைவெளியில் தள்ளி வைத்தோம்.

எழுதும்போது சுலபமாக இருக்கிறது. 5,000 கவுண்ட் உள்ள ஒருவருக்கு எதுவும் போடாமல் இரவைக் கழிப்பது அப்படி இல்லை. அந்த இரவு டூட்டி டாக்டர் எனக்கு மூன்று முறை போன் செய்தார்.

தட்டில் விழுந்த பொட்டு

எச்எல்ஏ வகை பார்த்த டோனர் பட்டியல் எங்களிடம் அப்போது கிடையாது. அதனால் கிராஸ்மேட்ச் வழியில் இறங்கினோம். சின்னச் சின்னக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் டோனரின் தட்டணுவை ஒட்ட வைத்து, மேலே நோயாளியின் சீரத்தை விட வேண்டும். கழுவிவிட்டு, ஆன்டிபாடியைப் பிடித்துக்கொள்ளும் சிவப்பணுவை விட்டு மெஷினில் சுழற்ற வேண்டும். ஆன்டிபாடி ஒட்டியிருந்தால் சிவப்பு குழி முழுக்கப் பரவிக் கிடக்கும். ஒட்டவில்லை என்றால் எல்லாம் உருண்டு நடுவில் வந்து சேரும், நெற்றியில் வைத்த பொட்டு மாதிரி. பொட்டு விழுந்தால் அந்தப் பை பொருந்தும்.

16-ம் நாள் 14 பி வகை டோனர்களின் மாதிரியை வைத்தோம். அக்கா தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். பரவல், பரவல், பரவல். பதினான்கில் மூன்று குழியில் மட்டும் பொட்டு. கணவரையும் மகனையும் சேர்த்து வைத்திருந்தோம், உறுதி செய்துகொள்ள. இருவர் குழியும் தட்டிலேயே அழுத்தமாகச் சிவந்தவை.

பொருந்தியவர்களில் ஒருவர் பக்கத்துத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலையில் இருந்தார். மறுநாள் காலை வருவதாகச் சொன்னார்.

தம்பியின் கை

அதே 16-ம் நாள் மாலை அந்த அம்மா வலது கண்ணில் திரை விழுந்த மாதிரி இருக்கிறது என்றார். விழித்திரையில் ரத்தக் கசிவு. ஈறும் நிற்காமல் கசிந்தது. தலை ஸ்கேனில் நல்லவேளையாக ஒன்றும் இல்லை.

அவருடைய தம்பி வந்து நின்றார். "அக்காவுக்கு நான் தரேன் டாக்டர், ராத்திரியே எடுத்துக்குங்க." உடன்பிறந்தவர் எச்எல்ஏவில் முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. பொருந்தினால் அவருடைய தட்டணு பெரும்பாலும் ஏறும். ஆனால் அதே காரணத்துக்காகத்தான் எடுக்கத் தயங்கினோம். பொருந்தினால் பின்னால் மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கும் அவர்தான் ஆள். மாற்றுக்கு முன்பே அவருடைய தட்டணுவைக் கொடுத்துவிட்டால், எச்எல்ஏ தவிர உள்ள சிறு முத்திரைகளுக்கு எதிராக நோயாளியின் உடம்பு பழகிக்கொண்டு, பின்னால் தம்பியின் மஜ்ஜையை நிராகரிக்கும் அபாயம் கூடும்.

பொருந்திய டோனர் ஒருவரும் கிடைக்காமல் இருந்திருந்தால் தம்பியிடம் எடுத்திருப்பேன். உயிர் இருந்தால்தானே மாற்று சிகிச்சை. காலை எட்டு மணிக்கு ஒருவர் வரப்போகிறார் என்பதால் காத்திருந்தோம். இரவில், இருந்த பி வகை ஆர்டிபிகளில் புதிதானவற்றை வெள்ளணு வடிகட்டியோடு மெதுவாக ஓட்டினோம். பலன் எதிர்பார்த்துச் செய்தது இல்லை. சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

17-ம் நாள் முற்பகல் பொருந்திய பை தயாரானது. கதிரியக்கப் பிரிவில் 25 கிரே அளவு கதிர் காட்டி வாங்கினோம்; இப்படித் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் பையில் டோனரின் வெள்ளணு நோயாளியின் உடம்பில் வேரூன்றித் தாக்கும் ஆபத்து கூடுதல். பையில் 3.4. முன்பு 7,000. ஒரு மணி நேரத்தில் 31,000. சிசிஐ 10,588. மறுநாள் காலையும் 19,000 இருந்தது. அக்கா அந்த ரிசல்ட்டை அச்சடித்து, எதுவும் சொல்லாமல் என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

பின்விளைவு

19-ம் நாள் லேப் முடிவு வந்தது. எச்எல்ஏ முதல் வகுப்பு ஆன்டிபாடி 88 சதவீதம், அதாவது நூறு டோனர்களில் ஏறக்குறைய 88 பேருடையது இவருக்கு ஆகாது. அடுத்த பத்து நாளில் மூன்று பொருந்திய பைகளோடு சமாளித்தோம். 27-ம் நாள் சொந்தத் தட்டணு தலைகாட்டியது. 34-ம் நாள் மஜ்ஜையில் நோய் தெரியவில்லை. கண் பார்வை இரண்டு மாதத்தில் தெளிந்தது. ஊசியில் நூல் கோக்க மட்டும் வெளிச்சம் அதிகம் வேண்டும் என்கிறார்.

கணவரிடம் பேசியதுதான் கஷ்டம். "என் ரத்தமே அவளுக்குச் சேரலைன்னா எப்படி டாக்டர்?" என்று கேட்டார். உங்களால் கெடுதல் வரவில்லை, மூன்று பிள்ளைகளைச் சுமந்த உடம்பு அப்படித்தான் நடந்துகொள்ளும், கேட்க வேண்டிய கேள்வியை நாங்கள்தான் கேட்கவில்லை என்றேன். அது உண்மையும்கூட.

மாற்று சிகிச்சைக்காக எல்லோருக்கும் எச்எல்ஏ பார்த்தார்கள். தம்பி முழுதாகப் பொருந்தினார். மகனின் அப்பா வழி முத்திரை இரண்டும் அம்மாவின் ஆன்டிபாடிப் பட்டியலில் இருந்தன. தம்பி பொருந்தாமல் போய், பாதிப் பொருத்தத்தில் மகனின் மஜ்ஜையை நாடியிருந்தால், இதே ஆன்டிபாடி அந்த மஜ்ஜை பிடிக்காமல் போகவும் காரணமாகலாம். இரண்டு சுற்றுக் கீமோவுக்குப் பிறகு வேறொரு மையத்தில் தம்பியின் மஜ்ஜை போட்டார்கள். அதன் பிறகு தம்பியின் தட்டணுவை எடுக்கத் தடை ஒன்றும் இல்லை, அங்கே அதையே பயன்படுத்தினார்கள். கடைசியாக நான் பார்த்தபோது மாற்று முடிந்து ஏழு மாதம், கவுண்ட் 1,62,000.

மாற்றியவை, மாறாதவை

ரெக்வெஸ்ட் படிவத்தின் பின்பக்க வரி முன்பக்கம் வந்தது. கர்ப்பம் பற்றி எழுதாத படிவத்தைக் கவுன்டர் திருப்பி அனுப்பும். ரத்தப் புற்றுநோய்ப் பெண்ணுக்குக் கணவர், பிள்ளைகளிடம் தட்டணு எடுப்பதில்லை. அவர்கள் கொடுப்பது வேறு நோயாளிக்குப் போகும். இரண்டாவது பையிலிருந்து ஒரு மணி நேரக் கவுண்ட் கட்டாயம். இதை நடைமுறைக்குக் கொண்டுவர நாங்கள் பட்ட பாடு தனிக்கதை: கடைசியில் சோதனைக் குழாயையே பையோடு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி அனுப்ப ஆரம்பித்த பிறகுதான் மாதிரி ஒழுங்காக வந்தது. பையில் பெரிய எழுத்தில் 'பிரிட்ஜில் வைக்காதீர்கள்' என்ற மஞ்சள் ஸ்டிக்கர்.

ஆர்டிபி என்றால் வெள்ளணு நீக்கியதுதான், இந்த நோயாளிகளுக்கு. 1997-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், வெள்ளணு நீக்காத சாதாரணத் தட்டணு பெற்ற லுக்கேமியா நோயாளிகளில் 45 சதவீதம் பேருக்கு ஆன்டிபாடி வந்தது. வெள்ளணு நீக்கியோ புற ஊதாக் கதிர் காட்டியோ கொடுத்த பிரிவுகளில் 17 முதல் 21 சதவீதம். முதல் நாளிலிருந்தே வடிகட்டியிருந்தாலும் இந்த அம்மாவுக்கு ஆன்டிபாடி வந்திருக்கலாம். கர்ப்பத்தில் பழகிய உடம்பின் நினைவை வடிகட்டி முழுதாகத் தடுக்காது. ஆனால் 6-ம் நாள் போட்ட நான்கு பைகளை வடிகட்டாமல் கொடுத்ததை நான் இன்று செய்யமாட்டேன்.

மாறாதது டோனர் பட்டியல். இரண்டாம் சுற்றுக் கீமோ தீபாவளி வாரத்தில் வந்தது. பொருந்திய மூவரில் ஒருவர் துபாய்க்கு வேலைக்குப் போயிருந்தார், இன்னொருவர் சொந்த ஊருக்கு. தட்டணுவை ஐந்து நாளுக்கு மேல் வைக்க முடியாது, முன்கூட்டியே எடுத்து அடுக்கவும் வழியில்லை. மறுபடி ஒன்பது பேரை கிராஸ்மேட்ச் செய்ததில் ஒருவர் தேறினார், எங்கள் கேன்டீனில் டீ போடும் பையன். இப்போது எச்எல்ஏ வகை பார்த்து வைத்திருக்கும் டோனர்கள் அறுபது பேர். இது போன்ற ஒரு நோயாளிக்கு நல்ல பொருத்தம் தேட நூற்றுக்கணக்கில் வேண்டும். அந்தச் சோதனைச் செலவை யார் ஏற்பது என்ற கோப்பு அக்கவுன்ட்ஸ் பிரிவில் இருக்கிறது.